ஒத்தையா, சோடியா?

சேரன்மகாதேவியிலிருந்து பாபநாசம் வரைக்கும், ஆற்றின் இரண்டு கரையிலும், கடந்த முப்பது வருஷத்தில் சேற்றில் புதைந்த வண்டிகளில் முக்கால்வாசியை வெளியே இழுத்துப் போட்டவர் ஒரே ஆள்தான். ஞானசிகாமணி. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். மீதிக் கால்வாசியை யார் இழுத்தது என்று கேட்டால், "அது சரியாப் புதையாத வண்டியா இருக்கும்" என்பார்.

லாரித் தொழிலுக்கு அவர் வந்தது வண்டி கழுவ. பிறகு கிளீனர், பிறகு டிரைவர். கல் லோடு, மர லோடு, வாழைத்தார் லோடு என்று அவர் ஏறாத மலையில்லை, இறங்காத ஓடையில்லை. நாற்பது வயது தாண்டிய உடனே, பட்டாளம் கழித்துவிட்ட லாரி ஒன்றை வடக்கே போய் ஏலத்தில் எடுத்தார். பட்டாளத்தில் ஒரு வண்டியைக் கழித்துவிட்டால் அது கெட்டுப்போய்விட்டது என்று அர்த்தமில்லை, உத்தியோகஸ்தருக்கு வயசு பார்த்து மாலை போட்டு அனுப்புவது மாதிரிதான் என்பது, ஏலத்துக்கு வந்திருந்த அத்தனை பேரிலும் அவர் ஒருவருக்குத்தான் தெரிந்திருந்தது. இன்றுவரை அப்படித்தான் சொல்கிறார். ஐந்து நாள் ஓட்டிக்கொண்டு வந்து கன்னடியன் கால்வாய்க் கரையில் தன் வீட்டு முன்னால் நிறுத்தினார். பட்டாளப் பச்சை சிவில் வண்டிக்கு ஆகாது என்று சட்டம் சொன்னதால் நீலம் அடித்தார். நீலம் அடித்து என்ன, ஊர் அதைப் பட்டாளத்தான் என்றே கூப்பிட்டது. செல்போன் வந்ததும் பின்பலகை முழுக்கத் தன் நம்பரை எழுதச் சொல்லி, அதன் கீழே 'கூப்பிட்டால் வருவேன்' என்று போடச் சொன்னார்.

மற்ற லாரிகளுக்கும் பட்டாளத்தானுக்கும் வித்தியாசம் காலில்தான். சாதாரண லாரிக்குப் பின்னால் பக்கத்துக்கு இரண்டு டயர், சோடி. பட்டாளத்தானுக்கு முன்னும் பின்னும் பக்கத்துக்கு ஒன்றுதான், ஒத்தை. ஒவ்வொன்றும் நெஞ்சு உயரம். மண்ணைக் கவ்வ மேலெல்லாம் அம்பு அம்பாகக் கனத்த ரப்பர்ப் பட்டன். முன் டயர் சேற்றில் தோண்டிய தடத்திலேயே பின் டயரும் அச்சாக உட்கார்ந்து வரும். சோடி டயர் அந்தத் தடத்துக்குள் அடங்காது. தனக்கென்று புதுப் பள்ளம் தோண்டி அதிலேயே சமாதியாகிவிடும். இந்த ரகசியத்தை இன்ஜினியரிங் படித்தவர்களுக்கே அவர் சொல்லிக்கொடுத்திருக்கிறார்.

ஆனால் ஒத்தை டயருக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. அதைக் கழற்றி மாட்ட இரண்டு ஆள் வேண்டும். டிஸ்கு என்கிற இரும்பு வட்டோடு சேர்ந்தால் அது ஒரு கன்றுக்குட்டி கனம் கனக்கும். ஒருவர் டயருக்கு அடியில் கடப்பாரையைக் கொடுத்து, கல்லை முட்டுக்கு வைத்து, மறுமுனையை அமுக்கிப் பிடித்துச் சக்கரத்தை எழுப்ப வேண்டும். இன்னொருவர் குனிந்து துளையையும் போல்ட்டையும் நேர் பார்த்து மாட்ட வேண்டும். ஞானசிகாமணிக்கு அந்த முதல் ஆள் முப்பது வருஷமும் சாரம்மாள்தான்.

சாரம்மாள் அவர் மனைவி. பாளையங்கோட்டை மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து, உள்ளூரில் டீச்சராக இருந்தவள். விடிந்தால் நீதிபோதனை வகுப்பு எடுக்க வேண்டியவள், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கடப்பாரையோடு வந்து நிற்பாள். "அமுக்குட்டீ! இன்னும்! சோறு திங்கலியா?" என்று அவர் கத்துவார். அவள் வகுப்பில் வாய்ப்பாடு சொல்கிற குரலில் "ஒண்ணு... ரெண்டு... மூணு..." என்று எண்ணிக்கொண்டே அமுக்குவாள். அவர் மாட்டி முடிக்கிறவரைக்கும் எண்ணுவாள். கடப்பாரையில் கைபடுகிற பக்கம் பழைய சேலைக் கிழிசல் ஒன்றை இறுக்கிச் சுற்றி வைத்திருந்தாள். "இது என்ன கனம் கனக்குன்னு உங்களுக்குத் தெரியாது" என்று ஒரு நாள் சொன்னாள். "நான் தூக்காத கனமாட்டீ?" என்றார் அவர். பேச்சு அதோடு முடிந்தது.

இரண்டாயிரத்து இருபத்து மூன்று மார்கழியில் பெரிய வெள்ளம் வந்தபோது பட்டாளத்தான் மூன்று நாள் தண்ணீருக்குள்ளேயே நின்றான். வீட்டு மாடியில் நின்றவர்களை ஏற்றி மேட்டில் இறக்கினார் ஞானசிகாமணி. யாரை எங்கே இறக்கினோம் என்று பக்கத்தில் உட்கார்ந்து நோட்டில் எழுதினாள் சாரம்மாள். பிறகு எல்லாரும் வந்து சால்வை போட்டார்கள். மறு வருஷம் ஆனி மாதம் சாரம்மாளுக்குக் காய்ச்சல் வந்தது. பதினோராம் நாள் கல்லறைத் தோட்டத்தில் வைத்துவிட்டு வந்தார்கள்.

அதன் பிறகு பட்டாளத்தான் கிளம்பவில்லை. டயர் வீணாகக் கூடாது என்று அச்சுக்கு அடியில் கருங்கல் கொடுத்து நிறுத்தினார். ஆனால் வெள்ளத்துச் சகதி ஊறிய பழைய டயர்கள். வெயில் ஏற ஏறப் பக்கவாட்டில் விரல் நுழைகிற அளவு வெடித்துவிட்டன.

மாசியில், பிசான நெல் அறுப்பு நேரத்தில் ஒரு போன் வந்தது. வீரவநல்லூர்ப் பக்கத்திலிருந்து.

"அண்ணாச்சி, அறுப்பு மிஷின் ஏத்தி வந்த லாரி வயல்ல எறங்கிட்டு. அச்சு வரைக்கும் போயிட்டு. வாரியளா?"

"டயர் போட்டுக்கிட்டு இருக்கேன். நாளைக்கு?"

"நாளைக்கா? சரி, அப்ப வேற ஆளப் பாத்துக்கிடுதோம் அண்ணாச்சி."

வேற ஆளைப் பார்த்துக்கொண்டார்கள். பங்குனி போயிற்று, சித்திரை போயிற்று, போன் வரவில்லை. மகன் எபி மட்டும் ஓசூரிலிருந்து ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிகிற நேரம் கூப்பிடுவான். "சாப்பிட்டியளா? மாத்திரை போட்டியளா? அந்த வண்டிய எடைக்குப் போட்டுருங்கப்பா." அவ்வளவுதான். ஒரு நாள் போன்தான் கெட்டுவிட்டதோ என்று, டீக்கடைக்காரர் போனை வாங்கித் தன் நம்பரைத் தானே அடித்துப் பார்த்தார். சட்டைப் பையில் மணி அடித்தது. நன்றாகவே அடித்தது.

ஆவணியில் அவர் ஒரு முடிவுக்கு வந்தார். ஐப்பசி மழைக்குள் பட்டாளத்தான் சொந்தக் காலில் நிற்க வேண்டும். இந்த மழைக்கும் நிற்காவிட்டால் ஊரில் உள்ள அத்தனை போனிலும் வேறு ஆளின் நம்பர் ஏறிவிடும். பிறகு யாரும் கூப்பிட மாட்டார்கள். இந்த ஊரில் ஞானசிகாமணி என்று ஒருவர் இருப்பது யாருக்கும் தேவைப்படாது.

மேலப்பாளையத்தில் அகமது மீரான் பழைய டயர் கடை வைத்திருக்கிறார். இருவருக்கும் இருபது வருஷப் பழக்கம்.

"வாங்க அண்ணாச்சி. எதுக்கு டயரு?"

"பட்டாளத்தானுக்கு."

மீரான் எழுந்து நின்றுவிட்டார். "அது இன்னும் ஹயாத்தோட இருக்கா?"

"எனக்கு உசிரு இருக்கவரைக்கும் அதுக்கும் இருக்கும்வே."

"சந்தோசம். ஒத்தையா, சோடியா?"

ஞானசிகாமணி பக்கத்தில் கிடந்த டயரைத் தட்டிப் பார்த்தார். டயர்க் கடையில் எல்லாரிடமும் கேட்கிற கேள்விதான்.

"சோடியா மாத்திக்கிடுங்க அண்ணாச்சி" என்று மீரானே தொடர்ந்தார். "பின்னாடி ஹப்ப மாத்திட்டா சாதா லாரி டயர பக்கத்துக்கு ரெண்டா மாட்டிரலாம். எந்த ஊரு பஞ்சர் கடையிலயும் ஒட்டிருவான். வழியில ஒண்ணு போச்சுன்னே வைங்க, கூட இருக்கது வீடு வரைக்கும் இழுத்துட்டு வந்துரும்."

"ஒண்ணு போனா மத்தது இழுத்துட்டு வந்துருமோ?"

"வந்துரும்லா. லோடு இல்லாம பைய வரணும்."

ஞானசிகாமணி கடைக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். "எம்புட்டுத் தூரம் இழுக்கும் பாய்?"

"அது அந்த டயரோட ஹயாத்தப் பொறுத்தது."

இரண்டு பேரும் டீ குடித்தார்கள். பிறகுதான் மீரான் இன்னொன்றையும் சொன்னார். கங்கைகொண்டான் பக்கத்தில் ஒரு தனியார் யார்டில் பட்டாளத்துக் கழிவுச் சரக்கு வந்திருக்கிறதாம். அதில் பட்டாளத்தான் அளவில் டிஸ்கோடு ஐந்து சக்கரம். நாலு ஓட, ஒன்று ஸ்டெப்னி. "ஆனா ஒண்ணு சொல்லுதேன், கோவப்படக் கூடாது. ஒத்தை டயருக்கு ரெண்டு ஆள் வேணும். சோடி டயருன்னா ஒத்தை ஆளு சமாளிச்சிக்கிடலாம். மதினி மவுத்தாகிட்டாங்க. இப்ப ஒங்க கூட யாரு இருக்கா?"

"நான் ஒருத்தனே நாலு ஆளுக்குச் சமம்வே."

"அது இருவது வருசத்துக்கு முந்தி."

"போன மாசமும்தான்" என்று சொல்லிவிட்டு எழுந்தார் ஞானசிகாமணி. "வாரும், சரக்கப் பாப்போம்."

யார்டில் ஐந்து சக்கரமும் கருவை மர நிழலில் சாய்ந்து நின்றன. ஞானசிகாமணி டயர் பார்க்கிற விதத்தைப் பார்க்கவே யார்டுக்காரர் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். முதலில் பட்டனுக்குள் விரலை விட்டு ஆழம் பார்த்தார். கட்டைவிரல் நகம் மறைந்தது. பக்கவாட்டை முழங்கையால் அமுக்கி, வெடிப்பு வாய் திறக்கிறதா என்று பார்த்தார். திறக்கவில்லை. மூக்கைக் கிட்டே கொண்டுபோய் மோந்தார். செத்த ரப்பருக்கு வாசனை இருக்காது, இதற்கு இருந்தது. பிறகு மடியிலிருந்து சரடை எடுத்து முதல் டயரைச் சுற்றி அளந்து முடிச்சுப் போட்டு, அந்த முடிச்சு மற்ற நாலிலும் ஒரே இடத்தில் விழுகிறதா என்று பார்த்தார். நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற வண்டி. ஒன்று விரல் அளவு சின்னதாக இருந்தாலும் உள்ளே பல்சக்கரம் ஒன்றோடு ஒன்று மல்லுக்கட்டி உடைந்துவிடும். முடிச்சு ஐந்திலும் சரியாக விழுந்தது.

கடைசியில் தயாரித்த வாரமும் வருஷமும். பக்கவாட்டில் சின்னக் கட்டத்துக்குள் நாலு எண் இருக்கும். முன்பெல்லாம் டார்ச் அடித்து அதைப் படிக்கிறது சாரம்மாள். ஞானசிகாமணி குனிந்து, கண்ணைச் சுருக்கி, நிமிர்ந்தார்.

"பாய், அதப் படியும்."

"ஏன், தெரியலியா?"

"தெரியாம என்ன? நீரு சரியாப் படிக்கேரான்னு பாக்கேன்."

மீரான் படித்தார். ஐந்தும் ஒரே வருஷம், ஒரே வாரம். ஒரே பிரசவத்தில் பிறந்த மாதிரி. "யோசிச்சு ரெண்டு நாள்ல சொல்லுங்க அண்ணாச்சி. வேற ஒரு பார்ட்டியும் கேக்காரு."

யோசிக்க என்ன இருக்கிறது என்றுதான் பஸ்ஸில் வரும்போது நினைத்தார். பட்டாளத்தான் காலில் சாதா லாரிச் செருப்பை மாட்டுவதா? ஆனால் வீட்டுக்கு வந்து அந்த நாலு கருங்கல்லைப் பார்த்ததும் மீரான் கேட்டது திரும்ப வந்தது. ஒங்க கூட யாரு இருக்கா?

மறுநாள் காலையில் அதைச் சோதித்துப் பார்த்துவிடுவது என்று இறங்கினார். வண்டிதான் கல்மேல் நிற்கிறதே, ஜாக்கி கூட வேண்டாம். மதில் சுவர்ப் பக்கத்துப் பின் சக்கரம் ஒன்றைத் தனி ஆளாகக் கழற்றித் தனி ஆளாக மாட்டிவிட்டால் மீரானுக்கு ஒரே போனில் பதில் சொல்லிவிடலாம். நட்டுகளை எல்லாம் அவரே கழற்றினார். பாதி நட்டு துரு. ஆனாலும் கழற்றினார், சும்மா சொல்லக் கூடாது. கடைசி நட்டு வந்ததும் சக்கரத்தை ஆட்டிப் போல்ட்டிலிருந்து உருவினார். உருவின வேகத்தில் அது நேராக நிற்காமல், அவர் பக்கம் சாய்ந்தது.

விழுந்தபோது ஒன்றும் வலிக்கவில்லை. முதுகு மதில் சுவரில் இருந்தது. சக்கரம் இடது முழங்காலுக்குக் கீழே ஏறிப் படுத்திருந்தது. இரண்டு கையாலும் தள்ளினார். அசையவில்லை. இன்னொரு தடவை தள்ளினார். அப்போது பள்ளிக்கூடத்தில் இடைவேளை மணி அடித்தது. சாரம்மாள் வேலை பார்த்த பள்ளிக்கூடம்.

"சாரா!" என்று கூப்பிட்டார்.

கூப்பிட்ட பிறகுதான் கூப்பிட்டது தெரிந்தது. வேறு யாரைக் கூப்பிடுவது என்று யோசித்தார். வலது பக்கத்து வீட்டைப் பூட்டிவிட்டுப் பெங்களூர் போய்விட்டார்கள். இடது பக்கம் கால்வாய். போன் வாசல்படியில் இருந்தது. அது அப்போது அடித்தது. நின்றது. மறுபடியும் அடித்தது. யாரோ எங்கேயோ சேற்றில் மாட்டிக்கொண்டு, அவரைக் கூப்பிடுகிறார்கள். "வாரேன், வாரேன்" என்றார் போனைப் பார்த்து. அதுவும் நின்றது.

பிறகு அவர் அழாமல், கத்தாமல், தொழிலைப் பார்த்தார். புதைந்த வண்டியை எடுத்த எடுப்பில் இழுக்கக் கூடாது. முதலில் சக்கரத்துக்கு அடியில் மண்ணை எடுக்க வேண்டும். இதை எத்தனை டிரைவர்களுக்குச் சொல்லியிருக்கிறார். கைக்கெட்டின ஸ்பேனரை எடுத்துத் தன் காலுக்கு அடியில் இருந்த மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டினார். சுரண்டுவார், மூச்சு வாங்குவார், சுரண்டுவார். சாப்பாட்டு மணி அடித்தபோது கால் வெளியே வந்தது. ஊரில் இதுவரை யாரும் தன்னைத்தானே சேற்றிலிருந்து இழுத்ததில்லை. ஆனால் இதைச் சொல்லிப் பெருமைப்பட முடியாது.

நொண்டிக்கொண்டே போய்ப் போனை எடுத்துப் பார்த்தார். கடன் வேண்டுமா என்று கேட்கிற கம்பெனி நம்பர்.

அன்று சாயங்காலம் மீரான் கூப்பிட்டார். கடையில் டயர் ராவுகிற மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. 'அஞ்சும்' என்று ஒரு சொல், 'வள்ளியூர்' என்று ஒரு சொல், மற்றதெல்லாம் இரைச்சல். ஞானசிகாமணிக்குக் கொஞ்ச நாளாகவே காது மந்தம். "என்ன? கேக்கல" என்று சொல்ல அவர் வாய் வளையாது. மீரான் என்ன கேட்டிருக்கப் போகிறார், ஒத்தையா, சோடியா என்றுதான். கன்றிப்போன காலைத் தடவிக்கொண்டே நாள் முழுக்க அதைத்தானே யோசித்துக்கொண்டிருந்தார். தனி ஆளால் முடியாது என்று தெரிந்துவிட்டது. ஆனாலும் சோடி என்று சொல்ல நாக்கு எழவில்லை.

"ஒத்தை போதும் பாய்" என்றார். "ஒத்தையே பழகிப்போச்சு."

மீரான் இன்னும் ஏதோ கேட்டார். "தாராளமா" என்றார் ஞானசிகாமணி.

இரண்டாம் நாள் லோடு ஆட்டோ வந்து வாசலில் நின்றது. பின்னால் ஒரே ஒரு சக்கரம் இருந்தது. மற்ற நாலும் அடுத்த நடையில் வரும் என்று மதியம் வரைக்கும் காத்திருந்துவிட்டுப் போன் அடித்தார்.

"பாய், மத்தது எங்க?"

"மத்தது எது? ஒத்தை போதும்னுதான சொன்னிய?"

"ஒத்தைன்னா ஒத்தை டயருவே! பக்கத்துக்கு ஒண்ணு! ஒரே ஒரு டயரையா கேப்பான் மனுசன்?"

"நான் தெளிவாக் கேட்டனே அண்ணாச்சி. அஞ்சும் வேணுமா, இல்ல ஸ்டெப்னிக்கு ஒண்ணு போதுமான்னு. ஒத்தை போதும்னிய. வள்ளியூர் பார்ட்டி நாலு கேட்டு நிக்காரு, குடுத்துரட்டான்னு கேட்டேன். தாராளமான்னிய. நேத்தே ஏத்தி விட்டாச்சு."

காது கேட்கவில்லை என்று ஒப்புக்கொள்வதா, மீரான் மேல் பாய்வதா? இரண்டையும் விட்டுவிட்டு ஞானசிகாமணி மூன்றாவது வழியைப் பிடித்தார். "சரி சரி. சும்மா ஒம்மச் சோதிச்சுப் பாத்தேன்."

"இனி அந்தச் சரக்கு எப்ப வருமோ தெரியாது அண்ணாச்சி. சோடிக்கு மாத்திருதியளா?"

"மாட்டேன்."

அந்த ஒரு சக்கரத்தை உருட்டக்கூட ஆளில்லாமல், ஆட்டோக்காரர் இறக்கின இடத்திலேயே, வாசல் வேப்பமரத்தில் சாய்ந்து நின்றது. காலையில் எழுந்து வந்தால் யாரோ வந்து நிற்கிற மாதிரி இருக்கும். ஐப்பசிக்கு இன்னும் நாற்பது நாள்கூட இல்லை. நாலு காலுக்கு ஒரு செருப்பு.

புரட்டாசி நடுவில் போன் அடித்தது. தெரியாத நம்பர். ஞானசிகாமணி நிமிர்ந்து உட்கார்ந்து, குரலைச் செருமிக்கொண்டு, "சொல்லுங்க, என்ன வண்டி? எவ்வளவு எறங்கிருக்கு?" என்றார்.

"இங்க ஒண்ணும் எறங்கல. நான் வள்ளியூர்லேருந்து ஐயம்பெருமாள் பேசுதேன், தாலுகா ஆபீஸ்ல இருந்து ரிட்டயர் ஆனவன். ஒம்மகிட்ட ஒத்தை டயர் ஒண்ணு இருக்காமே?"

விஷயம் இதுதான். ஐயம்பெருமாள் மலையடிவாரத்தில் வாழைத் தோப்பு வைத்திருக்கிறார். அவரிடமும் ஒரு பட்டாளத்து லாரி இருக்கிறது. மீரான் சொன்ன வள்ளியூர் பார்ட்டி அவர்தான், அந்த நாலு டயரையும் வாங்கி மாட்டிவிட்டார். பழைய ஸ்டெப்னியை இறக்கிப் பார்த்தால் டிஸ்கு விரிசல்.

"அந்த ஒண்ணை எனக்குத் தந்துரும். ஒத்தையா வச்சு என்ன செய்யப் போறீரு?"

"நீரு நாலையும் எனக்குத் தந்துரும்வே. ஸ்டெப்னி இல்லாம என்ன செய்யப் போறீரு?"

"நாலு வச்சிருக்கவன்கிட்ட ஒண்ணு வச்சிருக்கவன் பேசுத பேச்சா இது?"

"வண்டி ஓட்டத் தெரிஞ்சவன்கிட்ட ஆபீஸ்ல பேனா ஓட்டுனவன் பேசுத பேச்சா இது?"

போனை வைத்துவிட்டார்கள். மூன்றாம் நாள் மறுபடியும் அடித்தது. மறுபடியும் சண்டை. பட்டனைப் பற்றி ஒரு நாள், கம்பி கட்டி வண்டி இழுக்கிற விஞ்சைப் பற்றி ஒரு நாள், பட்டாளத்து லாரியைத் தென்பாண்டிச் சீமைக்கு முதலில் கொண்டுவந்தது யார் என்று ஒரு நாள். ஐயம்பெருமாள் பேசும்போது பின்னால் குக்கர் சத்தம் கேட்கும். "யாரு, டயர் அண்ணாச்சியா? சாப்பிட்டாச்சான்னு கேளுங்க" என்று ஒரு பெண் குரல் கேட்கும். அது அவர் மனைவி பிரம்மநாயகி. "சாப்பிட்டாச்சு, மீன் கொழம்பு" என்பார் ஞானசிகாமணி. சைவ வீட்டுக்காரரை வம்புக்கு இழுக்கத்தான். அன்றைக்குப் பெரும்பாலும் சாப்பிட்டிருக்க மாட்டார்.

ஒரு வாரம் போன் வரவில்லை. அந்த வாரத்தில் அவர் டீக்கடைக்காரர் போனை இரண்டு தடவை வாங்கினார்.

ஐப்பசி பிறந்து பதினைந்து நாளில் மழை பிடித்தது. ஒரு மத்தியானம் போன் அடித்தது. ஐயம்பெருமாள் குரலில் சண்டை இல்லை.

"அண்ணாச்சி, தோப்புக்குள்ள நிக்கேன். வலது பின் டயரு பாறைக் குத்துல கிழிஞ்சிட்டு. தார் முழுக்க ஏத்தியாச்சு, வெட்டுன ஆளுகளும் போயாச்சு. நாளைக்குப் பெரிய மழைங்காங்க. ஓடையில தண்ணி வந்துட்டா வண்டி அங்கனயேதான். அந்த ஒத்தைய..." என்று நிறுத்தினார். பிறகு சொன்னார். "வாரியளா?"

இப்போது பேரம் பேசலாம். தார் இறங்கினதும் நாலையும் கழற்றிக் கொடுத்துவிட வேண்டும் என்று சொன்னால் ஐயம்பெருமாளால் மறுக்க முடியாது. பட்டாளத்தான் இந்த மழைக்கே எழுந்து நின்றுவிடுவான். ஞானசிகாமணிக்கு இது தோன்றாமல் இல்லை. ஆனால் வாய் அதற்கு முன்னாலேயே பேசிவிட்டது.

"வாரேன்."

லோடு ஆட்டோவைக் கூப்பிட்டார். தெருவில் போன நாலு பேரை அதட்டிச் சக்கரத்தை ஏற்ற வைத்தார். அடுத்தவன் கடப்பாரையை நம்பக் கூடாது என்று உள்ளே போய்த் தன் கடப்பாரையையும் எடுத்துக்கொண்டார். ஆட்டோ கிளம்பும்போது திரும்பிப் பார்த்தார். பட்டாளத்தான் கல்மேல், ஒரு கால் இல்லாமல், நனைந்துகொண்டு நின்றான். பின்பலகை எழுத்து மட்டும் அழியாமல் இருந்தது.

தோப்புக்குப் போய்ச் சேர்ந்தபோது தூறிக்கொண்டிருந்தது. லாரியை ஜாக்கியில் ஏற்றி, கிழிந்த சக்கரத்தைக் கழற்றிச் சாய்த்து வைத்திருந்தார்கள். ஐயம்பெருமாள் ஒல்லியான மனிதர், நெற்றியில் விபூதி கரைந்து வழிந்திருந்தது. பக்கத்தில் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, முழங்கை வரைக்கும் சகதியோடு, மழைக்குத் தலையில் உரச்சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு பிரம்மநாயகி நின்றாள்.

ஞானசிகாமணி அவளையே பார்த்தார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு, "சக்கரத்த எறக்கும்வே" என்றார்.

"இதத் தந்துட்டா ஒம்ம வண்டி?" என்றார் ஐயம்பெருமாள்.

"அது நிக்கும். நிக்கதுக்கு டயர் எதுக்கு?"

ஆட்டோக்காரரும் சேர்ந்து சக்கரத்தை உருட்டி அச்சுக்கு நேராக நிறுத்தினார்கள். ஆட்டோக்காரருக்கு அடுத்த லோடு இருந்தது, கிளம்பிவிட்டார். ஐயம்பெருமாள் போல்ட்டுக்கு முன்னால் குனிந்துகொண்டார். பிரம்மநாயகி கடப்பாரைக்குக் கை நீட்டினாள்.

"நீங்க வேண்டாம் தாயி. தள்ளிக்கிடுங்க."

முப்பது வருஷத்தில் அவர் அந்த இடத்தில் நின்றதே இல்லை. கடப்பாரையை டயருக்கு அடியில் கொடுத்தார். கல்லை முட்டுக்கு வைத்தார். மறுமுனையைப் பிடித்தபோது கை தானாகப் போய்ச் சேலைக் கிழிசல் சுற்றின இடத்தில் விழுந்தது. துணி அந்த இடத்தில் பள்ளம் விழுந்து பளபளவென்று இருந்தது. இரண்டு உள்ளங்கை அளவுக்குப் பள்ளம். அவர் கைக்கு அது கொஞ்சம் சின்னது.

அமுக்கினார்.

"அமுக்கும்வே! இன்னும்!" என்றது குனிந்திருந்த குரல். "என்ன அண்ணாச்சி, சோறு திங்கலியா?"

"ஒண்ணு" என்றார் ஞானசிகாமணி. அவர் சொல்ல நினைக்கவில்லை, வந்துவிட்டது. "ரெண்டு... மூணு..."

சக்கரம் எழுந்தது. தோளிலிருந்து கனம் நேராக இடுப்புக்கு இறங்கியது. ஐந்தில் குதிகால் சகதியில் இறங்கியது. எட்டில் மூச்சு நின்றது. ஐயம்பெருமாள் ஒரு துளையைப் பிடித்தார், அது நழுவியது, மறுபடியும் பிடித்தார். பன்னிரண்டு. முன்பு ஒரு தடவை பாபநாசம் மலைப் பாதையில், வழிவிடச் சொல்லி ஹார்ன் அடித்த ஜீப்காரனோடு சண்டை போட்டுக்கொண்டு நின்றார் ஞானசிகாமணி. சக்கரம் பாதி மாட்டியிருந்தது. சண்டையில் ஜெயித்துவிட்டுத் திரும்பி வந்தபோது சாரம்மாள் கடப்பாரையை விடாமல் நூற்றுப் பத்தில் இருந்தாள். "பாத்தியாட்டீ, எப்பிடிப் பேசினேன்?" என்று கேட்டார். அவள் "நூத்திப் பதினொண்ணு" என்றாள்.

"பதினாறு" என்றார் ஞானசிகாமணி. "பதினேழு."

"கனமா இருக்கோ அண்ணாச்சி?" என்று பிரம்மநாயகி பக்கத்தில் வந்து கேட்டாள். "நானும் ஒரு கை பிடிக்கட்டா?"

வேறு யாரிடமும், வேறு எந்த நாளிலும், அதற்கு அவரிடம் ஒரு பதில் தயாராக இருந்திருக்கும்.

"கனம்தான் தாயி" என்றார். "ரொம்பக் கனம்."

அவள் சாக்கைக் கீழே போட்டுவிட்டு வந்து, துணி சுற்றின இடத்துக்கு இந்தப் பக்கம், வெறும் இரும்பில் கை வைத்தாள். போல்ட்டு துளையில் ஏறுகிற சத்தம் கேட்டது. ஐயம்பெருமாள் ஒவ்வொரு நட்டாக முடுக்கினார். தூறல் மழையானது. "மாட்டியாச்சு அண்ணாச்சி, விடும்" என்றார். ஞானசிகாமணி இருபத்தெட்டு என்றார், இருபத்தொன்பது என்றார். "விடும்வே, மாட்டியாச்சு!" என்று ஐயம்பெருமாள் இரண்டாம் தடவை கத்தின பிறகும் அவர் விடவில்லை. பிரம்மநாயகி கையைத் தொட்டுச் சொன்ன பிறகுதான் கடப்பாரையை விட்டார்.